கடும்வெட்டு

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்
ஆம் என்றோ வேண்டாம் என்றோ
அனுப்பிவிட வேண்டும்.
ஐம்பத்தைந்து தாண்டிய எல்லா விமானிகளுக்கும்
ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு.
என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

இன்று வியாழன். குலசேகரத்தில் மழை.
ரப்பர் ஷீட் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
வில்பிரட் என்னைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார்.
இப்போதே இறங்கினால் இவ்வளவு,
அறுபத்தைந்து வரை பறந்தால் இவ்வளவு,
இடையில் மெடிக்கலில் காது போனால்...
அந்த வரியில் பென்சிலை நிறுத்தி
நிமிர்ந்து பார்க்கிறார்.
எந்தக் காது என்று கேட்கிறேன்.

இடது காதுதான்.
சீவிடு சத்தம் அதில் விழுவதில்லை.
இந்தத் தோட்டம் இரவு முழுக்கக் கத்துகிறது என்று
போன வருடம் தாசையன் சொல்லித்தான் தெரியும்.

பரூச்சாவை அழைத்தேன். மார்ச்சில் இறங்கியவர்,
பதினெட்டாயிரம் மணி நேரம் பறந்தவர்.
எப்படி இருக்கிறது கேப்டன் என்றேன்.
"இரவு இரவாகவே இருக்கிறது."
அது நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை.
பின்னால் குக்கர் விசில்.
"மூணு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு
போனை வைத்துவிட்டார்.

ஷிபின் மார்த்தாண்டத்துப் பையன்.
என் வலதுபக்க இருக்கை, எண்பது லட்சம் கடன்.
நான் போனால் மூப்புப் பட்டியலில் ஒரு படி ஏறுவான்.
ஒருநாளும் அதைப் பேசியதில்லை.
தண்ணீர் பாட்டிலை மூடி திருகித் தருகிறான்.
அதுதான் உறுத்துகிறது.

ஓடுபாதையில் ஒரு வேகம் உண்டு.
அதற்கு முன் என்றால் நிறுத்திவிடலாம்,
தாண்டிவிட்டால், எஞ்சினே எரிந்தாலும்
எழும்பித்தான் ஆக வேண்டும்.
அதுவரை என் கை த்ரஸ்ட் லீவரின் மேல் இருக்கும்.
ஷிபின் குரல் கொடுத்ததும் எடுத்துவிடுவேன்,
நிறுத்தலாமே என்று கைக்குத் தோன்றிவிடக் கூடாதே.
எடை, வெயில், எதிர்க்காற்று, நனைந்த தரை,
எல்லாம் போட்டால் அந்த எண் வந்துவிடும்.
ஐம்பத்தெட்டு வயதுக்கு அட்டவணை கிடையாது.

மழை விட்டதும் தாசையன் வந்தான்.
மேலவிளை மரங்களில் இனி பட்டையில்லையாம்.
தொண்ணூற்றாறில் வைத்தவை,
நான் கல்யாணமாகி இங்கே வந்த வருடம்.
கடும்வெட்டுக்கு விடலாமா என்று கேட்டான்.
இரண்டு வருடம் எல்லாப் பக்கமும் கீறலாம்,
ஏணி வைத்து உயரத்திலும் கீறலாம்.
பால் நிறைய வரும். பிறகு கோடாலி.
"இல்லேன்னா இப்பமே முறிச்சு வித்திரலாம்,
தடிக்கு நல்ல வெல உண்டு, பாத்துக்கிடுங்க."

வில்பிரட் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டார்.
நான் சிரித்துவிட்டேன்.
தாசையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
"மரத்துகிட்ட கேக்க முடியுமா கேப்டனம்மா,
நாமதான சொல்லணும்" என்றான்.

கொழும்பிலிருந்து திரும்பும் காலைகளில்
பேச்சிப்பாறை அணை தகடு மாதிரி மின்னும்.
அதற்குக் கொஞ்சம் இப்பால் எங்கோ என் வீடு.
இத்தனை வருடமாகத் தேடுகிறேன், ரப்பர் மூடியிருக்கும்.
இலை உதிர்ந்த மாதத்தில் ஓடு தெரியும் என்பார் வில்பிரட்,
மேலே வந்து பார்த்தவரைப் போல.
மேலவிளையை முறித்தால் தெரியும்தான்.
அப்போது நான் மேலே இருந்தால்.

முறிச்சிரு தாசையா என்றேன்.

இரவு ஒரு மணிக்கு டாக்சி.
போய்த் திரும்பி, நாளை மதியத்துக்குள் தரையில் இருப்பேன்.
ஐந்து மணிக்கு நேரம் கிடக்கிறது.
சரி, அந்தக் கடிதம் என்று வில்பிரட் தொடங்கியபோது
சட்டைத் தோள்பட்டையில் நான்கு கோடுகளைச் சொருகிக்கொண்டிருந்தேன்,
இடது காது அவர் பக்கம்.